விடை தெரிந்த கதைகள்

பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் அவருடைய மரணத்திலிருந்தே தொடங்குகிறார்கள். பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியின் பேச்சாளர். 1972 ஜூலை 8 அன்று பெய்ரூத்தில் கார் குண்டுக்குப் பலியானபோது வயது 36. உடனிருந்த சகோதரியின் மகள் லமீஸும் இறந்துபோனாள். உயிரைக் கொடுத்தவரின் கதையில் குறை காண்பதா என்ற கோபம் எனக்குப் புரிகிறது. அந்த அரசியல் இல்லாமல் அந்த எழுத்தாளர் இல்லை என்பதும் உண்மை. ஆனால் கொள்கை உறுதி ஏற ஏறப் புனைவும் உயர்ந்தது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

1963இல் வந்த 'வெயிலில் மனிதர்கள்' நாவலை எடுத்துக்கொள்வோம். மூன்று அகதிகள் பஸ்ராவிலிருந்து குவைத்துக்குக் காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து போகிறார்கள். எல்லைச் சாவடி அதிகாரிகளின் ஆபாச அரட்டையில் ஓட்டுநர் சிக்கித் தாமதமாக, மூவரும் உள்ளே வெந்து சாகிறார்கள். ஏன் தொட்டியைத் தட்டவில்லை என்று ஓட்டுநர் கதறுகிறான். குற்றம் யாருடையது? செத்தவர்களுடையதா, 1948 போரில் ஆண்மையை இழந்து இப்போது ஆள் கடத்தும் அவனுடையதா? கனஃபானி சொல்வதில்லை. தவ்ஃபீக் சாலிஹ் 1972இல் இதைப் படமாக்கியபோது மூவரையும் தட்ட வைத்தார். குளிர்சாதன அறைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பழி முழுக்க வெளியே போய்விட்டது. போராடும் மக்களைத் தட்டாதவர்களாகக் காட்டக் கூடாது என்ற நல்லெண்ணம், வாசகனைத் தூங்கவிடாத ஒரே கேள்வியை அழித்துவிட்டது.

அதே காரியத்தைக் கனஃபானியே 'உம்மு சஅத்' நாவலில் (1969) செய்தார். முகாமில் வாழும் தாய். மகன் ஆயுதமேந்தப் போகிறான். அவளுடைய துயரமெல்லாம் பெருமைக்குள் கரைகிறது. எதிரே இருக்கும் படித்த எழுத்தாளன் கேட்டுத் திருந்துவதற்காகவே உட்காரவைக்கப்பட்டிருக்கிறான். தொடக்கத்தில் நட்ட காய்ந்த திராட்சைக் குச்சி கடைசியில் துளிர்க்கிறது. துளிர்க்காமல் போக அதற்கு உரிமையே இல்லை.

அதே காலத்தில் எழுதிய 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' இன்னும் வேதனை தருகிறது, ஏனென்றால் அதன் முற்பாதி அபாரம். இருபது ஆண்டுகள் கழித்துத் தங்கள் வீட்டைப் பார்க்க வரும் சயீதும் சஃபிய்யாவும் அங்கே மிரியம் என்ற யூதப் பெண்ணைச் சந்திக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன குழந்தையை வளர்த்தவள். இறந்த அரபுக் குழந்தையொன்று தூக்கி எறியப்படுவதைக் கண்டு நடுங்கியவள். அவள் வளர்த்த குழந்தை டோவ் ஆகி, இஸ்ரேலிய ராணுவ உடையில் உள்ளே வந்ததும் கதை பட்டிமன்றமாகிவிடுகிறது. தந்தையும் மகனும் அறிக்கைகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். போராளிகளோடு சேரக் கூடாது என்று தான் தடுத்திருந்த இன்னொரு மகன் காலித், இந்நேரம் போயிருக்க வேண்டும் என்று சயீத் திரும்பும் வழியில் விரும்புகிறார். காலித்தோ வெறும் பெயராகவே நிற்கிறான். எதிர்த்தரப்புத் தாய்க்குக் கொடுத்த மனத்தைத் தன் அணிக்கு வரவேண்டிய பையனுக்குக் கனஃபானி கொடுக்கவில்லை.