குடும்ப விளக்கின் மின் இணைப்பு எண்

பதினாறு ஆண்டுகளாக இளங்கலை மாணவிகளுக்குப் பாரதிதாசனின் ‘குடும்ப விளக்கு’ நடத்தி வருகிறேன். 1942இல் வெளிவந்த முதல் பகுதி, ‘ஒருநாள் நிகழ்ச்சி’, தங்கம் என்ற பெண்ணின் ஒரு நாளைச் சொல்கிறது. விடியுமுன் எழுகிறாள். கோலம், சமையல், பிள்ளைகள், மாமன் மாமி என்று வேலை முடிவதில்லை. போதாக்குறைக்குக் கணவர் மணவழகரின் கடையில் உட்கார்ந்து வணிகமும் பார்க்கிறாள். வகுப்பில் நான் வழக்கமாக இரண்டு பக்கமும் பேசுவேன். பெண்கல்விக்காக இவ்வளவு வாதாடிய கவிஞர் அந்தக் காலத்தில் வேறு யார் என்பது ஒரு பக்கம். அந்தக் கல்வியும் வீட்டைத் துலக்கத்தானே என்பது மறுபக்கம். மாணவிகள் எழுதிக்கொள்வார்கள், மணி அடித்துவிடும்.

2023 ஜூலையில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “அம்மா, தங்கம் கடைக்கணக்கு பார்க்கிறா சரி. கடை யார் பேர்ல இருக்கு?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்புதான் என் வீட்டில் ஃபியூஸ் பிடுங்கியிருந்தார்கள்.

அது நண்பகல். லைன்மேன் வாசலில் நின்று, “சார் இருக்காராம்மா?” என்றார். இல்லை என்றேன். “ரெண்டாயிரத்துச் சொச்சம் பாக்கி, தேதி முடிஞ்சு போச்சு” என்றார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. மகள் டியூஷன் எடுத்துச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து கைபேசியிலேயே கட்டினாள், மறு இணைப்புக் கட்டணத்தோடு. சாயங்காலம் மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் அந்த நாலைந்து மணிநேரம், மின்விசிறி ஓடாத வீட்டில், நான் முனைவர் பட்டம் வாங்கிய பெண்ணாக இருந்தேனா என்று எனக்கே ஐயம்.

பாக்கி எப்படி விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இணைப்பு இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. பதிவு செய்த கைபேசி எண் கணவருடையது. பணம் போவது என் சம்பளக் கணக்கிலிருந்து. திருமணமான புதிதில் கட்டண வரிசையில் நின்றவரும் அவர்தான். பிறகு என் இணையவங்கிக் கணக்கைத் திறந்து ஆட்டோ டெபிட் பதிந்து கொடுத்தவரும் அவர்தான். “நீ வாசி, எழுது. இதெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றார். அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டேன். அன்பாகவும் இருந்திருக்கலாம். பிரிந்து அவர் வேறு ஊருக்குப் போய் இரண்டு ஆண்டு ஆன பிறகும் தொகை தானாகப் போய்க்கொண்டிருந்தது. பில் விவரம் மட்டும் அவர் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் வேலை பார்க்கும் சுயநிதிப் பிரிவில் மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. ஜூன் 5ஆம் தேதி வீட்டுக்கடன் தவணை இருந்ததை எடுத்துக்கொண்டது. மின் கட்டணத்தின் முறை வந்தபோது கணக்கில் பணமில்லை. வங்கியின் குறுஞ்செய்தி எனக்கும் வந்திருந்தது, புடவைத் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே, ஆங்கிலத்தில். நான் பார்க்கவில்லை. அவருக்கு வந்ததை அவர் பார்த்தாரா, தெரியாது. கேட்கவும் இல்லை.

மீட்டர் பக்கத்தில் தொங்கிய வெள்ளை அட்டையை அன்று முதன்முறையாக வாசித்தேன். என் தொழில் பிரதி வாசிப்பது. சங்கப் பாடல் ஒன்றில் உரையாசிரியர் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து நாற்பது பக்கம் எழுதியவள், சமையலறைக்கு ஆறடி தள்ளி ஆணியில் தொங்கியதை வாசித்ததில்லை. 540 யூனிட், 2,270 ரூபாய். மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2022 செப்டம்பரில் வந்து அப்போது நடப்பில் இருந்த கட்டண முறைப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதற்கடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6. ஆக 1,725 ரூபாய். 501ஆவது யூனிட் ஓடியதும் அந்த 2.25 போய், அந்த நூறுக்கும் 4.50 ஆகிவிடும். மேலே உள்ளதற்கு 8 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடினால் பில் 1,958. எனக்குக் கூடுதலான 40 யூனிட்டின் விலை 545 ரூபாய்.

என் அம்மா அறை அறையாகப் போய் விளக்கணைத்துக்கொண்டே இருப்பாள். கஞ்சத்தனம் என்று கேலி செய்து ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறேன், தொகுப்பில் இருக்கிறது. அவள் எந்த யூனிட்டில் எந்தப் படி ஏறும் என்று தெரிந்து அணைத்திருக்கிறாள். அந்தக் கவிதையை இப்போது என்னால் மேடையில் வாசிக்க முடிவதில்லை.

‘குடும்ப விளக்கு’ என்ற உருவகத்துக்கு வருகிறேன். விளக்கு வெளிச்சம் தரும். அதற்கு எண்ணெய் யார் வாங்கினார், திரியை யார் திரித்தார், தீர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால் உருவகம் நின்றுவிடும். பெண்ணை விளக்கு என்றதும் செலவு மறைகிறது. தங்கம் கணக்குப் பார்க்கிறாள், ஆனால் கணக்கு அவளுடையதா என்ற கேள்வியைக் காவியம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, அவள் மணவழகரோடு ஒன்றியிருக்கும்வரை. மொழியும் இதே வேலையைச் செய்கிறது. இல்லாள் என்றால் இல்லத்துக்குரியவள், இல்லான் என்றால் ஏதுமற்றவன். பார், பெண்ணுக்கு வீட்டையே கொடுத்த மொழி என்று மேடைக்கு மேடை கைதட்டு வாங்குகிறார்கள், நானும் வாங்கியிருக்கிறேன். அட்டையில் நுகர்வோர் பெயர் என்ற இடத்தில் இல்லாள் இல்லை. திருக்குறளின் வாழ்க்கைத் துணைநலம் கணவனின் வருவாய்க்குத் தக்கபடி வாழத் தெரிந்தவளைப் புகழ்கிறது. வருவாய் அவளுடையதாகவும் பெயர் அவனுடையதாகவும் இருக்கும் வீட்டுக்கு அந்த அதிகாரத்தில் குறள் கிடையாது.

பெண்ணிய விமர்சனத்திலும் எனக்குக் குறை இருக்கிறது, அதில் என் பங்கும் சேர்த்தி. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில், சமையலறையை ஒட்டிய வராந்தாவை விரிவாக்கலாம் என்று மருமகள் மீனாட்சி சொல்லப்போக, அங்கே துணிக்கொடிகள் கட்டப்படுகின்றன. ஜன்னலில் தெரிந்த மலையும் மறைகிறது. வீட்டின் இடம் யார் கையில் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கதையை வைத்து நாங்கள் சமையலறையைக் குறியீடாக்கினோம். அடுப்பும் அம்மியும் ஆய்வேடுகளில் நிறைந்தன. ரசீதும் தவணையும் பாக்கியும் எங்களுக்கு இலக்கியமாகத் தெரியவில்லை. கணக்கு ஆண்களின் சலிப்பான வேலை என்று நாங்களும் நம்பிவிட்டோம் போலிருக்கிறது.

என் மாணவிகளின் அம்மாக்கள் அப்படி நம்ப முடியாது. 2023 செப்டம்பர் 15இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் பெற இருந்த நிபந்தனைகளில் ஒன்று வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது. உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமை என்று பெயரிட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உரிமையின் வாசலிலும் மீட்டர் நிற்கிறது. ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டில், வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டருக்கு யூனிட் 8, 10 ரூபாய் என்று கொடுத்து, இலவச 100 யூனிட்டைக் கண்ணாலும் காணாத பெண், தன் பயன்பாடு எவ்வளவு என்று எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்?

பணம் வந்தவர்களிலும் சிலருக்கு அது கணக்கில் நிற்கவில்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லை, பழைய பாக்கி என்று சில வங்கிகள் பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக்கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியிருந்தது. நுண்கடன் தவணைக்கு ஆட்டோ டெபிட் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு இது புதிதல்ல. பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார். ‘தானாக’ என்ற சொல்லுக்கு அர்த்தம், எதை முதலில் கட்டுவது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்யும் உரிமை கைமாறிவிட்டது என்பதுதான். மளிகையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி மின் கட்டணத்தைக் கட்டும் சாமர்த்தியம் அம்மாவிடம் இருந்தது. என் கணக்கில் அதை 5ஆம் தேதி செய்தது.

ஜூலையில் நான் செய்தவை சின்னவை. ஆட்டோ டெபிட்டை ரத்து செய்தேன், இரண்டு நிமிட வேலை. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் என்று நாட்காட்டியில் குறித்தேன். பிரிவு அலுவலகம் போய்க் கைபேசி எண்ணை மாற்றினேன். பெயர் மாற்றத்துக்கு மாமனாரின் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். வாரிசுகள் என் கணவரும் நாத்தனாரும். மருமகள் அந்தப் பட்டியலில் வரமாட்டாள்.

நாத்தனாருக்குப் போன் செய்தேன். “அப்பா பேர் இருக்கட்டுமே அண்ணி, அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்றாள். கோபமில்லை அவளுக்கு, அப்பா ஞாபகம்தான். அவள் வீட்டு அட்டை யார் பெயரில் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “மாமியார் பேர்லன்னு நினைக்கிறேன். இருங்க, பாத்துட்டு வரேன்” என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். மீட்டர் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.