முதலீடா, உரிமையா?
முன்பள்ளிக் கல்வி ஆய்வுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஐந்து வயதுக்கு முற்பட்ட குழந்தையின் கல்விக்கு அரசு பணம் செலவிட வேண்டுமா என்னும் வினாவுக்கு, அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பொருளியலாளரின் மொழியிலேயே பெரும்பாலும் விடை தேடப்பட்டு வந்துள்ளது. இன்று செலவிடும் ஒரு டொலர் நாளை எத்தனை டொலராகத் திரும்பும் என்பதே அம்மொழியின் அடிப்படை. இவ்வாதம் குழந்தைகளுக்குச் சார்பானது போலவே தோன்றும். ஆயினும், அது எத்தகைய ஆய்விலிருந்து பிறந்தது, கொள்கை வகுப்பில் எவ்வாறு கையாளப்பட்டது என்பவற்றை நோக்கும்போது அதன் ஊனமும் புலனாகின்றது.

இவ்வாதத்தின் ஊற்று ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில் உள்ளது. அங்கு 1962 முதல் 1967 வரை டேவிட் வைக்கார்ட் என்பாரின் வழிகாட்டலில் பெரி முன்பள்ளி ஆய்வு நடைபெற்றது. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளுள் எழுமாற்றாகத் தெரிவுசெய்யப்பட்ட 58 பேருக்கு முன்பள்ளிக் கல்வி வழங்கப்பட்டது. 65 பேருக்கு வழங்கப்படவில்லை. வகுப்பு நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம். ஆறு குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஓர் ஆசிரியர். வாரந்தோறும் ஆசிரியர் வீட்டுக்கே சென்று தாயைச் சந்திப்பார். குழந்தைகளின் நுண்ணறிவு ஈவில் முதலில் தோன்றிய ஏற்றம் சில ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. ஆனால் அவர்கள் நாற்பது வயதை எட்டியபோது, முன்பள்ளி சென்றோருள் 77 சதவீதத்தினரும் செல்லாதோருள் 60 சதவீதத்தினரும் உயர்நிலைக் கல்வியை முடித்திருந்தனர். ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைதுசெய்யப்பட்டோர் முறையே 36, 55 சதவீதத்தினர். நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவரது சகாக்களும் 2010 இல் இதன் ஆண்டு வருவாய் வீதத்தை 7 முதல் 10 சதவீதமென மதிப்பிட்டனர்.

இக்கணக்கில் பெரும்பங்கு வகிப்பது குற்றச் செயல்கள் குறைந்தமையால் ஏற்பட்ட சேமிப்பாகும். ஒரு சிறுவன் பாடியதும் வரைந்ததும் கேள்வி கேட்டதும் இதில் இடம்பெறுவதில்லை. அவனுக்காகக் கட்டப்படாத சிறைக்கூடமே இடம்பெறுகின்றது. செல்வந்தர் வீட்டுக் குழந்தையின் பாலர் வகுப்புக்கு எவரும் வருவாய் வீதம் கேட்பதில்லை. வறியவன் குழந்தை மட்டுமே தன் கல்வி இலாபகரமானது என்பதை முன்கூட்டியே நிரூபிக்க வேண்டியுள்ளது.

இதன் விளைவை ஹெட் ஸ்ரார்ட் திட்டத்தின் வரலாறு காட்டுகின்றது. வறுமைக்கெதிரான போரின் ஓர் அங்கமாக ஜனாதிபதி ஜோன்சனின் அரசு 1965 கோடையில் இதனை ஆரம்பித்தது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு எட்டு வாரக் கல்வி வழங்கப்பட்டது. 1969 இல் வெளிவந்த வெஸ்டிங்ஹவுஸ் அறிக்கை, கோடை வகுப்புகளால் நிலையான பயன் இல்லை என்றது. அதே ஆண்டில் ஆதர் ஜென்சன், ஈடுசெய் கல்வி தோற்றுவிட்டதெனக் கூறி, நுண்ணறிவு வேறுபாட்டுக்குப் பரம்பரையைக் காரணங்காட்டினார். 1971 இல் காங்கிரஸ் நிறைவேற்றிய விரிவான குழந்தை வளர்ச்சிச் சட்டமூலத்தை ஜனாதிபதி நிக்சன் தமது தடுப்பதிகாரத்தால் நிராகரித்தார். குழந்தை வளர்ப்பில் குடும்பத்தின் இடத்தைக் கூட்டுமுறை கவர்ந்துகொள்ளும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. எட்டு வாரம் கற்பித்துவிட்டு வாழ்நாட் பயனைத் தேடுவது எவ்வகை ஆய்வு என்று கேட்டோர் சிலரே.

இக்குறை இன்றும் நீங்கவில்லை. பெரி ஆய்வின் பெயரால் நிதி கோரப்படுகின்றது. வழங்கப்படும் கல்வியோ அதன் செறிவை எட்டுவதில்லை. டெனசி மாநிலத்தின் அரச முன்பள்ளிகளுக்குச் சென்ற குழந்தைகள் ஆறாம் வகுப்பில், செல்லாதோரிலும் பின்தங்கியிருந்தனர் என 2022 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கற்பித்தலின் தரத்தைத் திருத்தவேண்டும் என்பதே இதன் நேர்மையான பொருள். ஆனால் முதலீட்டு மொழியில் இதன் பொருள் வேறு: வருவாய் இல்லையேல் செலவை நிறுத்து. இவ்வாதம் ஆட்சியாளரின் கையை அசைத்துப் பணம் பெற்றுத் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வருவாயைக் காட்டிப் பெற்றதை வருவாயைக் காட்டியே பறிக்கவும் முடியும்.

நமது நாட்டின் அனுபவம் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. கன்னங்கராவைத் தலைவராகக் கொண்ட விசேட குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. வருவாய் வீதம் கணிக்கப்படும் வரை அது காத்திருக்கவில்லை. ஆனால் அவ்வுரிமை பாடசாலை வாசலிலேயே தொடங்குகின்றது. கட்டாயக் கல்வி 1998 இல் 5 முதல் 14 வயது வரை வரையறுக்கப்பட்டு, 2016 இல் 16 வயதுக்கு உயர்த்தப்பட்டது. எல்லை மேல்நோக்கி நகர்ந்ததேயன்றிக் கீழ்நோக்கி நகரவில்லை. முன்பள்ளிகள் பெரும்பாலும் தனியாராலும் சமய, கிராமிய அமைப்புகளாலும் பெற்றோரின் கட்டணத்தில் நடத்தப்படுகின்றன. கற்பிக்கும் பெண்கள் பெறுவதோ சொற்பக் கொடுப்பனவு. மலையகத் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா தோன்றியதும் குழந்தையின் கல்விக்காக அன்று. கொழுந்து பறிக்கும் தாயின் உழைப்புத் தடைப்படாதிருப்பதற்காகவே. குழந்தையை வேறொன்றின் சாதனமாகக் காணும் நோக்கு மிச்சிகனுக்கு மட்டும் உரியதன்று.

ஆய்வு வேண்டாமென்பது நமது கருத்தன்று. குழந்தைக்கு எவ்வாறு கற்பிப்பது நன்று என்பதை ஆய்வு கூறட்டும். கற்பிக்க வேண்டுமா என்பது ஆய்வுகூடத்தில் தீர்க்கப்படும் வினாவன்று. 1945 இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்த விடையை, நான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க இன்னும் தயங்கி நிற்கின்றோம்.