கியர்பாக்ஸை யார் திறப்பது?

கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் இரண்டாவது கியரில்தான் பிழைக்கின்றன. மேலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறங்குகிறது. கீழிருந்து உரம், சிமெண்ட், மளிகை ஏறுகின்றன. 1976 வரை ஜாகீர்தார்கள் வசம் இருந்த கல்வராயன் மலை இது. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாமே இங்கே பிந்தித்தான் வந்தன. 2024இல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாகவே வழக்கு எடுத்தபோது, சாலையும் பேருந்தும் விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டன. பேருந்து போகாத ஊருக்கு பிக்கப்தான் லாரி, சில ராத்திரிகளில் அதுவே ஆம்புலன்ஸ். அப்படிப்பட்ட வண்டியில் கியர் கழன்றால் வீட்டில் உலை கொதிப்பது நிற்கும். ஃபைனான்ஸ் டியூ மட்டும் நிற்காது.

புது வண்டிதானே, வாரண்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இந்த வகை வண்டிகளுக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது என்பது சந்தையில் பரவலாகக் காணும் கணக்கு. தகராறு அந்தக் கணக்கில் வருவதில்லை. பழுதுக்குக் காரணம் என்ன என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வருகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே மாதிரி வண்டிகள் ஒரே மாதிரி மலைகளில் ஏறினாலும், இந்த ஓர் இடத்தில் இரண்டு நாடுகளும் வெகுவாகப் பிரிகின்றன.

முதலில் நம்மூர். கம்பெனி ஒர்க்‌ஷாப்புகள் மலையில் இல்லை. சமவெளியில், உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையை ஒட்டித்தான் கிடைக்கும். அங்கே நடக்கும் உரையாடல் கிட்டத்தட்ட மனப்பாடமானது.

“சார், லோடோட மேட்டுல ஏறும்போது ரெண்டாவது கியர் தானா வெளிய வந்துருது.”

“ரெண்டு பேரு ஓட்டிப் பாத்துட்டாங்கண்ணே, வண்டி நல்லாத்தான் இருக்கு.”

இருவருமே பொய் சொல்லவில்லை. சோதனை ஓட்டம் காலி வண்டியில், தட்டையான பைபாஸில் நடந்திருக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவரைக் கட்டிலில் படுக்கவைத்து நாடி பார்த்த மாதிரி. கியர் நழுவுவதற்குச் சுமை வேண்டும். ஸ்லீவின் பற்கள் தேய்ந்திருந்தாலும், ஷிஃப்ட் ஃபோர்க் வளைந்திருந்தாலும், பேரிங்கில் ஆட்டம் விழுந்திருந்தாலும் வெறும் வண்டியில் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது. கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு இன்ஜினில் ஏகப்பட்ட சென்சார்கள் வந்துவிட்டன. ஆனால் கையால் போடும் கியர்பாக்ஸின் உள்ளே தேயும் பல்லைப் பற்றி ஸ்கேனருக்கு எதுவும் தெரியாது. அதற்குக் காது வேண்டும். நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும் என்பது கச்சிராயபாளையத்து ரோட்டோர மெக்கானிக்குக்கும் தெரியும். அவர் சொன்னால் செல்லாது, அவ்வளவுதான்.

ஜாப் கார்டில் ‘குறை தென்படவில்லை’ என்று ஒரு வரி விழும். அதன் பிறகும் வண்டி மலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கிலோமீட்டரும் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒருவழியாக கியர்பாக்ஸை இறக்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பஞ்சாயத்து அப்போதுதான் தொடங்குகிறது. வடித்த ஆயிலை ஒரு தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். பித்தளை நிறத்தில் பொடி மினுங்கினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. பக்கத்திலேயே கிளட்ச். பிரஷர் பிளேட்டில் நீலம் பாரித்திருந்தால் சர்வீஸ் அட்வைசரின் முகம் தெளிந்துவிடும். “ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டிருக்கீங்க, ஓவர்லோடு.” கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள், வாரண்டியில் பொதுவாக வராது.

இந்த இடத்தில் வண்டிக்காரர் அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது. கருகிய பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் முன்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட்டை நனைத்திருந்தால், வழுக்கியதற்கும் சூடேறியதற்கும் டிரைவரின் கால் காரணமில்லை. சீல் வாரண்டியில் வருகிறதா என்று வாரண்டிப் புத்தகத்தில் பார்க்க வேண்டும். வருமென்றால், அதன் கோளாறால் பிளேட் கெட்டிருந்தால் பிளேட்டையும் கேட்க நியாயம் உண்டு. இன்னொரு வழியாகவும் இது நடக்கும்: கிளட்ச் முழுசாக விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் சிங்க்ரோ ரிங் அரைபடும். ஒன்றின் நோய் மற்றொன்றில் தெரியும். எதை முதலில் காரணம் என்று எழுதுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் பணம் யார் கட்டுவது என்பது முடிவாகும். திறப்பவரே பில் கட்ட வேண்டியவராகவும் இருக்கும்போது அவர் எதை முதலில் பார்ப்பார் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை.

ஓவர்லோடு குற்றச்சாட்டு பல நேரம் உண்மை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை டன் சுமப்பதற்குச் செய்த வண்டியில் இரண்டரை டன் கிழங்கு ஏற்றுவது மலையில் புதிதில்லை. 2019 செப்டம்பருக்குப் பின் அதிக பாரத்துக்கு அபராதமே 20,000 ரூபாயில் தொடங்குகிறது. எடை மேடைச் சீட்டு இரு பக்கமும் வெட்டும். ஜவ்வரிசி ஆலையில் கிழங்கை எடையும் மாவுச்சத்துப் பாயிண்டும் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு நடைக்கும் சீட்டு உண்டு. அளவாக ஏற்றுபவருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அதைப் பத்திரப்படுத்துபவர்கள் குறைவு, கிழங்குப் பணம் கைக்கு வந்ததும் சீட்டு டேஷ்போர்டில் கிடந்து வெளுத்துப்போகும்.

இனி கடல் கடந்து. நம் ‘குட்டி யானை’, 2005இல் வந்த டாடா ஏஸ், இலங்கையில் ‘டிமோ பட்டா’. டாடாவின் முகவரான டிமோ நிறுவனத்தின் பெயரோடு சேர்த்தே மக்கள் அதை அழைக்கிறார்கள். வண்டியின் பெயரிலேயே இறக்குமதியாளர் ஏறி உட்கார்ந்திருப்பது அங்கத்திய நிலைமையை நன்றாகவே சொல்கிறது. அங்கே புது வண்டிக்கு வாரண்டி என்றால் ஒரு பிராண்டுக்கு ஒரே முகவர். நம்மூரில் கள்ளக்குறிச்சியில் சரிப்படாவிட்டால் ஆத்தூர், சேலம், விழுப்புரம் என்று வேறு டீலரிடம் போகலாம். இலங்கையில் அந்த வசதி சுருக்கம். கிளைகள் பல இருந்தாலும் முடிவு எடுக்கும் கொம்பனி ஒன்றுதான்.

ஆனால் இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்கு ஓடும் லொறிகளில் கணிசமானவை ஜப்பானில் ஓடி முடித்து ‘ரீகண்டிஷன்’ ஆக வந்தவை. தயாரித்தவரின் வாரண்டி இலங்கையில் அவற்றுக்கு எப்போதுமே இருந்ததில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் 2022இன் டாலர் பஞ்சம். கிட்டத்தட்ட ஐந்து வருடம் புது வண்டி என்பதே அபூர்வமாகிப்போன நாட்டில் வாரண்டிப் புத்தகத்தை யார் புரட்டுவார்கள்?

அதனால் அங்கே கியர்பாக்ஸை வண்டிச் சொந்தக்காரரே திறக்கவைக்கிறார். கராஜ் பாஸ் இறக்குகிறார், இருவரும் குனிந்து பார்க்கிறார்கள், காரணத்தை இருவரும் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். பெட்டியையே மாற்ற வேண்டுமென்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றிய முழு கியர்பொக்ஸ் கிடைக்கும். அதற்குக் கடைக்காரர் கொடுப்பது ‘செக்கிங் வாரண்டி’: சில நாள் பூட்டி ஓட்டிப் பார், சரியில்லை என்றால் கொண்டுவா. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தச் சில நாளும் வாங்கியவர் தன் சொந்த மேட்டில், தன் சொந்தப் பாரத்தோடுதான் சோதிக்கிறார். கல்வராயன் டிரைவர் 3 ஆண்டு வாரண்டியில் கேட்டும் கிடைக்காத சோதனை அது. யுத்த காலத்தில் எரிபொருள் தடையில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டிய யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் நாடு. கையில் இருப்பதைக்கொண்டு நோயறிவது அங்கே பழக்கம்.

அதற்காக அந்த முறையே மேல் என்று நான் சொல்லமாட்டேன். செலவு முழுக்க வண்டிக்காரர் தலையில். சட்டத்தின் துணையும் குறைவு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வாரண்டிக்கு ஒவ்வாத பொருள் பற்றி முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் எந்த கியர்பாக்ஸ் தன் குணத்தைக் காட்டும்?

நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் தருகிறது. வணிக நோக்கில் வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எழுந்து நிற்பார். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்கியவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்குபவரை உதாரணமாக எடுத்து அவரும் நுகர்வோர்தான் என்றது. வண்டி விலை 10 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் அதிகபட்சம் 200 ரூபாய். முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்லி ஆசைப்பட வேண்டாம். வாரண்டி என்றால் கெட்ட பாகத்தை மாற்றுவதுதான் என்று மாருதி வழக்கொன்றில் 2006இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் ஆணையம் கேட்பது தாளை. ‘கியர் பிரச்சினை’ என்று அட்வைசர் எழுதிக்கொள்ளும் இரண்டு வார்த்தையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவரிடம் அந்தத் தாள் இருக்காது. எந்த கியர், என்ன சுமை, ஏறும்போதா இறங்கும்போதா, எத்தனை கிலோமீட்டரில் முதலில் வந்தது என்று ஜாப் கார்டில் தன் வாயால் சொல்லி எழுதவைக்க வேண்டும். லோடோடு மலையில் ஓட்டிப் பார்க்கக் கேட்டதையும், அவர்கள் மறுத்தால் மறுத்ததையும் அதிலேயே ஏற்றவேண்டும். பெட்டியை இறக்கும் நாளில் வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று பக்கத்தில் நின்று, ஆயில் தட்டையும் பிளேட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ரோட்டோர மெக்கானிக்கிடம் காதைக் கடன் வாங்கலாம். ஸ்பானரை மட்டும் வைக்க விடக்கூடாது. வெளியே ஒரு போல்ட் கழன்றாலும், தெரியாத கடையில் கியர் ஆயில் மாற்றினாலும், வாரண்டியை மறுப்பதற்கான காரணத்தை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.