வேதாளம் ஏறாத கைபேசி

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் சாயங்காலம் கைபேசியைக் குறுக்கே பிடித்து உட்கார்ந்திருக்கும் பையன்கள் பெரும்பாலும் துப்பாக்கிதான் சுடுகிறார்கள். வாளும் மந்திரமுமாக, நாயகனைப் படிப்படியாக வளர்த்து அசுரனோடு மோதவிடும் மாயாஜால விளையாட்டு அங்கே அபூர்வம். ஆனால் கையடக்கக் கருவிக்கு அது புதிதல்ல.

2004இல் நோக்கியாவின் என்-கேஜ் கைபேசிக்கு 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் டிராவல்ஸ்: ஷேடோகீ' வந்தது. கணினியில் மலையும் காடுமாக விரிந்த ஒரு தொடரை 176க்கு 208 புள்ளித் திரைக்குள் அடைக்கப் பார்த்தார்கள். தொலைவை வரையக் கருவிக்குத் திராணியில்லை, எங்கும் மூடுபனி. எதிரி கிட்டே வந்த பிறகுதான் தெரிவான். போதாததற்கு, முதல் என்-கேஜில் விளையாட்டு அட்டையை மாற்ற பேட்டரியையே கழற்ற வேண்டும்! ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியபோது என்-கேஜின் ஆட்டம் அடங்கிவிட்டிருந்தது. 2014 நவம்பரில் மூடும்வரை பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே கோடிக்கணக்கில் கைபேசிகள் போயின. கருவி நம் ஊரில் பொருத்தப்பட்டது. கதை எங்கிருந்தோ வந்தது.

சின்னத் திரையின் குணத்தைப் புரிந்துகொண்டது 2010இல் ஐபோனுக்கு வந்த 'இன்ஃபினிட்டி பிளேடு'. திரையில் விரலை இழுத்தால் வாள் வீச்சு. உலகம் முழுக்கச் சுற்றவேண்டியதில்லை, ஒரே கோட்டைதான். நாயகன் தோற்றால் அவன் வாரிசு அதே வாசலுக்கு வருவான், தந்தை சேர்த்த பலத்தோடு. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். என் கணக்கில் இந்த வகையின் உச்சம் இதுதான். 2018இல் ஆப் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

2020 செப்டம்பரில் வந்த சீனத்து 'கென்ஷின் இம்பாக்ட்' பரந்த உலகத்தைக் கைபேசிக்குள் கொண்டுவந்தே காட்டியது. கூடவே, காசு போட்டு அதிர்ஷ்டத்தில் பாத்திரங்களை இழுக்கும் லாட்டரியும் வந்தது. 'டையாப்ளோ இம்மார்ட்டல்' 2022இல் வந்தபோது, இத்தகைய லாட்டரிப் பெட்டிகளுக்கான சட்டம் காரணமாக பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியாகவில்லை.

இந்தியப் பக்கம், புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020 ஆகஸ்டில் 'ராஜி'யை முதலில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்குத் தந்தது. துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்ல, ஒரு பெண் அசுரரோடு மோதுகிறாள். அழகு, ஆனால் ஒருமுறை முடித்தால் தீர்ந்தது. தமிழ் என்றால் டொரன்டோவில் உருவான 'வெண்பா' (2023). பாஃப்டா விருது பெற்ற அதில் ஆயுதம் இட்லிப் பாத்திரம்தான்!

கென்ஷின் வந்த அதே செப்டம்பரில் அம்புலிமாமா ஓவியர் சங்கர் காலமானார். தோளில் பிணத்தோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை மாதந்தோறும் நம் கண்முன் நிறுத்தியவர். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் வாய்மூடினால் தலை சுக்குநூறு. சொன்னால் வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறும். இன்ஃபினிட்டி பிளேடின் சுழற்சியும் இதுவேதான், கோட்டைக்குப் பதில் மரம். ஆனால் விக்கிரமனுக்கு வாள் பயன்படும் இடம் குறைவு. ஒவ்வொரு முறையும் அவனைத் தோற்கடிப்பது சரியான விடை. வெற்றியே மறுபடி தொடக்கத்துக்குத் தள்ளும் விளையாட்டில் நாயகனின் பலத்தை எந்த எண்ணால் கூட்டுவது என்பதை வடிவமைப்பாளர்தான் முதலில் முடிவுசெய்யவேண்டும்.