பருக் களிம்பும் அதனோடு வரும் கலவையும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதையில், தாமிரவருணியின் தென்கரையில் உள்ளது ஆழ்வார்திருநகரி. இவ்வூரைப் போன்ற சிற்றூர்களில் முகத்தில் பரு வந்த மாணவர் முதலில் போவது பெரும்பாலும் மருத்துவரிடம் அன்று, மருந்துக் கடைக்கே. "அண்ணாச்சி, பருவுக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்கிறார். கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கிறார். அந்த ட்யூபில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. தோல் மருத்துவரைப் பார்க்கத் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ போனால் ஒரு நாள் படிப்போ ஒரு நாள் கூலியோ போய்விடும். ஆகையால் கடைக்குப் போவதை மட்டும் குறை கூறிப் பயன் இல்லை.

நாம் குறை கூற வேண்டியது வேறொன்றை. 'பருக் களிம்பு' என்ற ஒரே பெயரில், முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் மக்கள் கைக்கு வருகின்றன. ஒன்று, வைட்டமின் 'ஏ' குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு மருந்து உள்ள களிம்பு. மற்றொன்று, அதே ரெட்டினாய்டுடன் ஸ்டீராய்டையும், தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோனையும் சேர்த்த கலவை. முதலாவது பருவுக்கு உரிய மருந்து. இரண்டாவது பருவுக்கு உரியதே அன்று. பல வேளைகளில் பருவை வளர்ப்பது. இவ்விரண்டையும் பிரித்து அறியாமல், "இந்த மருந்து முகத்தைக் கெடுத்துவிடும்" என்று ஒரு சாராரும், "இதைப் பூசினால் ஒரே வாரத்தில் முகம் பளபளக்கும்" என்று மற்றொரு சாராரும் பேசி வருகிறார்கள். இரண்டு பேச்சும் தவறே.

பரு எப்படி உண்டாகிறது?

முகத்தில் உள்ள நுண்ணிய மயிர்க்கால்கள் ஒவ்வொன்றையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் மிகுவதால், ஆண், பெண் இருபாலாருக்கும் இச்சுரப்பி பெரிதாகி எண்ணெயை மிகுதியாகச் சுரக்கிறது. அதே வேளையில், மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வாய்க்காலில் அமலைச் செடி அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்குவது போல, எண்ணெய் உள்ளேயே தேங்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்த அடைப்புதான் பருவின் தொடக்கம்.

அடைப்பின் வாய் திறந்திருந்தால் அது கரும்புள்ளி, மூடியிருந்தால் வெண்புள்ளி. கரும்புள்ளியின் கருமை அழுக்கினால் வந்ததன்று. எனவே சோப்புப் போட்டு அழுத்தித் தேய்ப்பதால் அது போகாது, தோல்தான் புண்படும். தேங்கிய எண்ணெயில் 'குட்டிபாக்டீரியம் ஆக்னஸ்' என்னும் பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது அவ்விடம் சிவந்து, வீங்கி, சீழ் கொள்கிறது. நாம் பரு என்று கண்ணாடியில் காண்பது இந்தக் கடைசிக் கட்டத்தையே.

ரெட்டினாய்டின் பணி

சீழ் கொண்ட பருவின் மேல் மட்டும் மருந்து வைப்பது, வாய்க்கால் அடைப்பை விட்டுவிட்டு வழிந்த நீரைத் துடைப்பதற்கு ஒப்பாகும். ரெட்டினாய்டு அடைப்பையே கவனிக்கிறது. அது செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளோடு சேர்ந்து, சில ஜீன்களின் இயக்கத்தை மாற்றுகிறது. அதனால் மயிர்க்காலின் செல்கள் ஒட்டாமல் முறையாக உதிர்கின்றன. பழைய அடைப்பு தளர்கிறது; புதிய அடைப்பு தோன்றுவது குறைகிறது; சிவப்பும் வீக்கமும் தணிகின்றன. ஆன்டிபயாட்டிக் களிம்பு பாக்டீரியாவையே முதன்மையாகத் தாக்குகிறது. அதை மட்டும் நெடுநாள் பூசினால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தலையெடுக்கும்.

1962-இல் ஜெர்மனியில் ஸ்டூட்கன் என்பவர் வைட்டமின் 'ஏ' அமிலத்தைத் தோல் நோய்களுக்குப் பூசிப் பார்த்தார். பருவுக்கு அது பயன்படும் என்பதை அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய துணைவர்களும் 1969-இல் எடுத்துக்காட்டினர். ட்ரெட்டினாயின் என்னும் அம்மருந்துக்கு 1971-இல் அமெரிக்க அரசு அனுமதி கிடைத்தது. எரிச்சல் குறைவான அடாபலீன் 1996-இல் அங்கு விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது; 2016 முதல் அது மருத்துவர் சீட்டு இன்றியே அங்கு கிடைக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய மருந்து இது. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறையிலும் பருவுக்கு வலியுறுத்திப் பரிந்துரைக்கப்படும் மருந்துகளில் ரெட்டினாய்டுக் களிம்பு இடம்பெற்றுள்ளது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கடற்கரை மக்கள் அறிந்த மீன் எண்ணெயிலும் வைட்டமின் 'ஏ' உண்டே. அதை நிறையச் சாப்பிட்டால் போதாதா? போதாது. பரு மறையும் அளவுக்கு வைட்டமின் 'ஏ'யை உட்கொண்டால், அது கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சாகிவிடும். தோலுக்கு வேண்டியதைத் தோலுக்கு மட்டும் தருவதே களிம்பின் நன்மை.

மூன்று மருந்து, ஒரே ட்யூப்

இனிக் கலவைக்கு வருவோம். அதே கிளிக்மன் 1975-இல் வேறொரு கலவையை வெளியிட்டார். ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன், டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. அதன் நோக்கம் பருவைப் போக்குவது அன்று. தோலில் படர்ந்த கருமையை வெளுக்கச் செய்வது. இதைப் பின்பற்றி, 'மங்கு' என்று நாம் சொல்லும் முகக் கருமைக்கு ஒரு கலவை 2002-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதில் சேர்த்தது வீரியம் குறைந்த ஸ்டீராய்டு. பூச வேண்டிய காலமோ எட்டு வாரம்.

நம் நாட்டில் பரவியது அதனினும் வேறானது. மோமெட்டசோன் என்னும் வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு 0.1 விழுக்காடு, ஹைட்ரோகுவினோன் 2 விழுக்காடு, ட்ரெட்டினாயின் 0.025 விழுக்காடு என்ற அளவில் பல பெயர்களில் கலவைகள் வந்தன. மங்குக்குச் சில வாரம் மட்டும் உரிய மருந்து, 'சிவப்பழகு க்ரீம்' என்றும் 'பரு க்ரீம்' என்றும் வாய்வழியே பெயர் பெற்றது. தோழி சொன்னாள், அக்கா பூசினாள், முடி திருத்துபவர் சொன்னார் என்று அது வீடுவீடாகப் பரவியது.

இக்கலவை மக்களைக் கவர்வது ஏன்? ரெட்டினாய்டு மட்டும் பூசினால் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் தோல் காயும், சிவக்கும், உரியும். பரு சற்று மிகுந்தது போலவும் தோன்றும். ஸ்டீராய்டோ சில நாட்களிலேயே சிவப்பை அடக்கிவிடும். முகமும் வெளுத்துக் காணும். "இதுவல்லவோ மருந்து!" என்று நம்பி நாள்தோறும் பூசுவார்கள். மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிகிறது. அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிகின்றன. பெண்களின் முகத்தில் முடி வளர்கிறது. ஒரே மாதிரியான சிறு பருக்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கிறது. அதற்கு அஞ்சி மீண்டும் பூசுகிறார்கள். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசியவர்களுக்கு, வெளுக்க வேண்டிய இடமே கருநீலம் பாய்ந்து போவதும் உண்டு.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. நம் நாட்டின் 12 மருத்துவ மையங்களில் முகத் தோல் நோய்க்காக வந்த 2,926 பேரை ஆராய்ந்த தோல் மருத்துவர்கள், 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தவர்கள். 126 பேர் அதை அழகுக் களிம்பாகவோ, பொதுக் களிம்பாகவோ, சவரத்துக்குப் பின் பூசுவதாகவோ பயன்படுத்தினர். 104 பேர் பருவுக்காகப் பூசினர். 433 பேரில் 392 பேருக்குத் தீய விளைவு ஏற்பட்டிருந்தது. அவற்றுள் முதலிடம் பெற்றது எது தெரியுமா? பரு தோன்றுதலும், இருந்த பரு மிகுதலுமே! பருவைப் போக்கப் பூசியது பருவையே விளைவித்தது.

அவ்வாராய்ச்சியில் 257 பேர் மருத்துவர் அல்லாதவர் சொல்கேட்டுப் பூசியவர்கள். அப்படியானால் எஞ்சியவர்களுக்கு? அவர்களுக்கு மருத்துவரின் சீட்டே தொடக்கமாக இருந்தது. எனவே பழி முழுவதையும் கடைக்காரர் தலையில் போடுவது நியாயம் ஆகாது. "எத்தனை நாள் பூச வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்" என்று சொல்லாத சீட்டும் இக்குற்றத்தில் பங்குடையதே.

சட்டம் இருக்கிறது, தமிழ் இல்லை

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை 'எச்' அட்டவணையில் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இன்றி அவற்றை விற்கலாகாது என்பதே இதன் பொருள். பாராட்ட வேண்டிய செயல். ஆயினும் அந்த எச்சரிக்கை அட்டையின் மேல் எந்த மொழியில் இருக்கிறது? பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். உள்ளே மடித்து வைத்த விளக்கத் தாளும் அப்படியே. தமிழ் வழியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அது எச்சரிக்கை ஆகுமா? விளம்பரத்துக்குத் தமிழ் தெரிகிறது. எச்சரிக்கைக்கு மட்டும் தமிழ் தெரியவில்லை! 'ஸ்டீராய்டு உள்ளது, பருவுக்குப் பூசாதீர்' என்று ஒரு வரி தமிழில் அச்சிடுவதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

தன் தோலில் பூசப்படுவது இன்னதென்று அறியும் உரிமை சிறிய காரியம் அன்று. இம்மருந்தின் வரலாறே அதற்குச் சான்று. கிளிக்மன் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் பலவகைப் பொருள்களைச் சோதித்தார். ட்ரெட்டினாயின் ஆராய்ச்சியும் அச்சிறையோடு தொடர்புடையது. கைதிகளில் பலர் கறுப்பின மக்கள். தங்கள் மேல் பூசப்படுவது என்ன, அதனால் வரும் தீங்கு என்ன என்பது அவர்களுக்குச் சரிவரச் சொல்லப்படவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021-இலும், பிலடெல்பியா நகர நிர்வாகம் 2022-இலும் இதற்காக மன்னிப்புக் கேட்டன. மருந்து நல்லது என்பதால் அந்த அநீதி சிறிதாகிவிடாது. சிறைக் கைதிக்குச் சொல்லாமல் பூசியது பிழையென்றால், காசு கொடுத்து வாங்குபவருக்குச் சொல்லாமல் விற்பதும் பிழையே அன்றோ?

அறிந்து பூசுவோம்

ரெட்டினாய்டை மருத்துவர் யோசனைப்படி பூசுவோர் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. இரவில் முகம் கழுவி, ஈரம் நன்கு உலர்ந்தபின் பூச வேண்டும். ஒரு பட்டாணி அளவு முகம் முழுவதற்கும் போதும். மிகுதியாகப் பூசினால் எரிச்சல்தான் மிகும். கண், உதடு, மூக்கோரம் ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசிப் பழகலாம். வெயிலில் தோல் எளிதில் கன்றும். தூத்துக்குடி உப்பளங்களின் வெண்மை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் இடத்தில் வேலை செய்வோர் இதை மறக்கலாகாது. துண்டோ, தொப்பியோ, முந்தானையோ முகத்துக்கு நிழல் தரட்டும். கருவுற்றவர்களும் கருவுற விரும்புவோரும் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிக்கும்.

மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளுவோசினோலோன், டெக்சாமெத்தசோன்: இவை ஸ்டீராய்டுகளுள் சில. இப்பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆசிரியரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள ட்யூபோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லாத பெயரானால் கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். பல மாதமாக ஸ்டீராய்டு பூசி வந்தவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரைக் காண்பது நலம். திருநெல்வேலி, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை.

அடுத்த முறை களிம்பு வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: "இதில் என்ன மருந்து இருக்கிறது? ஸ்டீராய்டு உண்டா? எத்தனை வாரம் பூச வேண்டும்?" விடை சொல்ல முடியாத ட்யூபைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பரு சில ஆண்டுகளில் போய்விடக்கூடும். தோல் வாழ்நாள் முழுவதும் நம்மோடு வர வேண்டியது.