மரபு கூறும் சான்று

மணம் என்பது யாது என்னும் வினா அண்மைக் காலத்தில் மன்றங்களிலும் மேடைகளிலும் பெரிதும் ஆராயப்படுவதாயிற்று. ஒருபாலார் திருமணத்தைச் சட்டம் ஏற்றல் வேண்டும் என்னும் வழக்குகளை இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஏப்பிரலில் விசாரித்தபோது, நடுவண் அரசும் ஜமியத் உலமா-இ-ஹிந்த் முதலிய சமய அமைப்புகளும் அதனை எதிர்த்து நின்றன. இலங்கையிலோ வாதம் அத்துணைத் தொலைவு செல்லவில்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் மசோதாவே ஈண்டு எதிர்க்கப்பட்டது. அஃது அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் கூறிற்று.

இந்திய எதிர்ப்பாளர் வாதங்களுள் தலையாயவை மூன்று. இதனை முடிவுசெய்தற்குரியது நாடாளுமன்றமே என்பது ஒன்று. இது நகர மேட்டுக்குடியினரின் கருத்து என்பது மற்றொன்று. ஆணும் பெண்ணும் இணைதலே மணமென மரபு விதித்தது என்பது மூன்றாவது.

முதல் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. மணஞ்செய்தல் அடிப்படை உரிமையன்று என 2023 ஒக்டோபர் 17இல் நீதிபதிகள் ஐவரும் ஒருமித்துரைத்தனர். இரண்டாவது வாதம் வலியற்றது. தலைமை நீதிபதி சந்திரசூட் அதனைத் தம் தீர்ப்பில் மறுத்தார். ஆராயத்தக்கது மூன்றாவதேயாம்.

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியர் கூற்று. மேலோர்க்குரிய சடங்கு கீழோர்க்கும் ஆன காலம் உண்டு என்றும் அவர் கூறுவர். ஆகவே மணமுறை காலந்தோறும் மாறியது என்பதற்கு மரபே சான்று. புரோகிதரின்றி நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாதெனத் தீர்த்த காலமும் இருந்தது. சென்னைச் சட்டமன்றம் 1967இல் அதனை ஏற்றது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்தை எதிர்த்தோரும் மரபையே துணைக்கொண்டனர். இவை தம்முள் ஒன்றல்ல. ஆயினும் வாதத்தின் வடிவம் ஒன்றே.

இதனால் ஒருபாலார் மணம் மரபுக்கு உடன்பாடானது எனச் சாதித்தலும் பொருந்தாது. கைக்கிளையும் ஐந்திணையும் பெருந்திணையும் ஆண்பெண் காமத்தையே பேசுவன. மரபை இருபாலும் பொய்ச்சான்றுக்கு அழைத்தல் முறையன்று.

உண்மையான வினா வேறு. 1707இல் ஏட்டிலேறிய தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்து, கணவனும் மனைவியும் கூடித் தேடிய பொருளில் இருவர்க்கும் பங்கு கண்டது. ஒன்றாக வாழ்ந்து ஒன்றாகத் தேடிய இருவருள் ஒருவர் இறந்தால், மற்றவர் அவ்வீட்டில் அந்நியராதல் நீதியோ? மணம் என்னும் பெயரை மறுப்போரும் இவ்வினாவுக்கு விடையிறுத்தல் வேண்டும். அதனை இறுக்காத எந்த எதிர்ப்பும் முற்றுப்பெற்ற வாதமாகாது.