கைக்கருவியா, மென்பொருளா? காலாப்பட்டு மஸ்டாங்கில் ஒரு பரீட்சை

2016ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. கார், ஐந்து லிட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் கொண்ட அதே எஞ்சினைப் பூண்டிருந்தும், ஐரோப்பியச் சந்தையில் 421 குதிரைசக்தி தந்த இடத்தில் நமக்குத் தந்தது 401 மட்டுமே. இந்த இருபதின் இரகசியம் பெரும்பாலும் இரும்பில் இல்லை. எந்தச் சுமையில், எந்தச் சுழற்சியில், பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு எத்தனை பாகை முன்னதாகப் பொறி தெறிக்க வேண்டும் என்று எஞ்சினை ஆளும் இ.சி.யு.வில் எழுதி வைத்த அட்டவணையில், அதாவது கார்ப் பிரியர்கள் ‘மேப்’ என்று சொல்லும் கணக்கில், அது இருக்கிறது. அந்தக் கணக்கைத் திருத்த விரும்புகிறவருக்கு உள்ளங்கையில் அடங்கும் டியூனர் கருவி ஒரு மார்க்கம். லேப்டாப்பில் இயங்கும் மென்பொருள் மற்றொரு மார்க்கம். வரி குறைவு என்பதற்காகப் புதுவைப் பதிவெண் பெற்ற உயர்ரகக் கார்களில் ஒன்றான அத்தகைய மஸ்டாங் காலாப்பட்டில் நண்பர் வீட்டில் நிற்கிறது. அதில் இரண்டு மார்க்கங்களையும் பரீட்சித்த பிறகு உருவான அபிப்பிராயத்தையே இங்கே எழுதுகிறேன்.

கைக்கருவிகளில் பலர் அறிந்தது எஸ்.சி.டி. நிறுவனத்தின் எக்ஸ்4. ஸ்டியரிங்கின் கீழே உள்ள ஓ.பி.டி. துவாரத்தில் வடத்தைச் செருகியதும் அது வண்டியை அடையாளம் கண்டு, தொழிற்சாலையில் எழுதிய மூல மேப்பை முதல் காரியமாகத் தனக்குள் பத்திரப்படுத்திக் கொள்கிறது. பிறகு ஆக்டேன் எண் என்ன, டயர் அளவு மாறியதா என்று சிறிய வண்ணத் திரையில் ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலுக்கு ஏற்ற ஆயத்த மேப்பை எழுதிவிடுகிறது. பெரிய டயர் மாட்டியதால் தவறிப்போன ஸ்பீடோமீட்டரைத் திருத்தவும், பிழைக் குறியீடுகளைப் படித்து அழிக்கவும், வேண்டும்போது சில நிமிடங்களில் பழைய மேப்புக்கே திரும்பவும் இதைவிடச் சௌகரியமான சாதனம் வேறில்லை என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஆனால் அந்த ஆக்டேன் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் நம் ஊர்க்காரர் மிகவும் நிதானிக்க வேண்டும். கருவி கேட்பது அமெரிக்கக் கணக்கின் எண்ணை. அமெரிக்கப் பங்க்கில் எழுதியிருக்கும் எண், ரிசர்ச் முறை, மோட்டார் முறை என்ற இரு பரிசோதனைகளின் சராசரி. இந்தியாவில் குறிப்பதோ ரிசர்ச் எண் மட்டும். ஆகவே ஒரே பெட்ரோலுக்கு நம் எண் அவர்கள் எண்ணைவிட நான்கைந்து கூடுதலாகவே நிற்கும். இந்தக் கார் வந்த காலத்தில் இங்கே விற்ற சாதாரண 91, அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 87 என்பதை அறியாமல், திரையில் 91 என்று கண்டதும் அதைத் தொட்டவர்கள், தங்கள் பெட்ரோல் தாங்கக்கூடியதற்கு மேற்பட்ட பொறிமுன்னேற்றத்தைத் தாங்களே எஞ்சினுக்குள் எழுதிக்கொண்டார்கள். தீ வந்து சேருமுன்பே சிலிண்டரின் மூலையில் மிச்சக் கலவை தானே வெடிக்கும் ‘நாக்கிங்’ என்ற வியாதி அவ்வாறு பிறப்பதே; அது முற்றினால் பிஸ்டனின் விளிம்பையே தின்றுவிடும்.

பின்னர் பெட்ரோலே மாறிவிட்டது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய எரிபொருளுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச ஆக்டேன் 95. ஆதலால் 91 என்ற தேர்வின் அபாயம் பெரும்பாலும் தணிந்திருக்கிறது. 93 என்ற தேர்வோ இந்தியன் ஆயிலின் எக்ஸ்.பி.100 போன்ற விசேஷப் பெட்ரோல் தவறாமல் கிடைப்பவர்களுக்கே உரியது. அதே சமயம், ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 பங்கே போதும். ஆக்ஸிஜன் சென்சார்கள் இந்த வித்தியாசத்தை ஓரளவு சரிக்கட்டிவிடும் என்றாலும், எங்கோ எப்போதோ எழுதிய ஆயத்த மேப்புக்கு நம் எரிபொருளின் சரித்திரம் தெரியாதல்லவா?

மென்பொருளின் மகிமை இங்கேதான் வெளிப்படுகிறது. ஹெச்.பி. டியூனர்ஸ் என்பது இத்துறையில் பிரசித்தமான பெயர். அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான கிறிஸ் பியாஸ்ட்ரி, ஃபார்முலா ஒன் வீரர் ஆஸ்கர் பியாஸ்ட்ரியின் தந்தை என்பது ரசிகர்களுக்கு ஓர் இனிய செய்தி. எம்.பி.வி.ஐ.3 என்ற சிறு பெட்டி வண்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே நிற்க, வி.சி.எம். எடிட்டரில் அட்டவணைகள் கட்டம் கட்டமாகத் திறக்கின்றன; வி.சி.எம். ஸ்கேனரில் ஓடும் எஞ்சினின் ஒவ்வொரு கணமும் பதிவாகிறது. சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு சித்திரை மத்தியானம், அந்த மஸ்டாங்கில், இந்நாட்டில் புழங்கும் ஆயத்த மேப் ஒன்றோடு மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தபோது, இருக்கையில் அமர்ந்தவருக்கு உற்சாகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பதிவைத் திறந்து பார்த்தாலோ, 4,000 சுழற்சியிலிருந்து நாக் சென்சார் இரண்டு மூன்று பாகை பொறியை விடாமல் பின்னுக்கு இழுத்திருந்தது. எரிபொருளின் தரத்தை எஞ்சின் தானே கற்று மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை குறித்துவைக்கும் எண்ணும், நல்ல பெட்ரோலைக் காட்டும் மைனஸ் பக்கத்தை விட்டு நகர்ந்திருந்தது. டியூனிங் நிபுணர் ஒருவர் அந்தப் பதிவைப் படித்து, குறிப்பிட்ட சில கட்டங்களில் மட்டும் பொறியைக் குறைத்து எழுதித் தந்தபின், முதல் சுற்றில் இருந்த வேகம் கடைசிச் சுற்றிலும் குறையாமல் நின்றது. (இத்தகைய பரீட்சைக்குத் தடமோ, சக்தியை அளக்கும் டைனோவோதான் இடம், மாணவர்கள் குறுக்கிடும் காலாப்பட்டுப் பல்கலைக்கழக வாயிலின் முன்னே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருக்காலும் கூடாது.)

எக்ஸ்4 கருவியும் பதிவெடுக்கும், நிபுணர் அனுப்பும் மேப்பையும் ஏற்றுக்கொள்ளும் என்பதை மறைப்பது நியாயமாகாது. பெட்டியை வாங்குவதினும் மேப் எழுதும் மனிதரைத் தேர்வதே பெரிய காரியம். அட்டவணையைத் திறந்து படிக்கும் பொறுமையும், உஷ்ணமும் ஈரமும் மிகுந்த இந்தக் கடற்கரைக் காற்றுக்கும் இந்தப் பெட்ரோலுக்கும் ஏற்றபடி கணக்கைத் திரும்பத் திரும்பத் திருத்தும் உத்தேசமும் உள்ளவருக்கு நான் மென்பொருளையே சிபாரிசு செய்கிறேன். டயரும் ஸ்பீடோமீட்டரும் அன்றி வேறெதையும் தொட விரும்பாதவருக்குக் கைக்கருவி தாராளமாகப் போதும்.

எதைக் கொண்டு எழுதினாலும், எழுதி முடியுமுன் மின்சாரம் தளர்ந்தால் இ.சி.யு. செத்துப்போகக் கூடும், ஆகையால் பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, ஏசியையும் விளக்குகளையும் அணைத்து, லேப்டாப் தூங்கிவிடாதபடி அமைத்த பிறகே தொடங்க வேண்டும். முதல் முறை தவிர மற்றச் சமயங்களில் முழு எழுத்தை விட்டு, அட்டவணைகள் அடங்கிய கேலிப்ரேஷனை மட்டும் எழுதுவது நேரத்தையும் அபாயத்தையும் ஒருங்கே குறைக்கும்.

புகைக்கட்டுப்பாட்டை அணைக்கும் மேப்புகளை அடியோடு ஒதுக்குங்கள். எஸ்.சி.டி.யின் அன்றைய உரிமையாளரான டெரைவ் சிஸ்டம்ஸ், அத்தகைய சாதனங்களை விற்றதாக எழுந்த வழக்கில் 2018ஆம் ஆண்டு அமெரிக்க அரசோடு சமரசத்துக்கு வந்து மூன்று லட்சம் டாலர் அபராதம் கட்டியது. நம் நாட்டிலும் அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்கிறது.

பழைய டியூனரைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் ஒன்றை விசாரித்தே பணம் கொடுக்க வேண்டும்: இக்கருவிகள் முதலில் பொருத்திய வண்டியின் எண்ணோடு பிணைந்துவிடும், விற்பவர் தம் காரில் மூல மேப்பைத் திரும்ப எழுதி அந்தப் பிணைப்பை அவிழ்த்தாலன்றி, அது வேறெந்த வண்டியிலும் வேலை செய்யாது.